முகூர்த்தப் பட்டுக்கு நாலு ஸ்டார், கடைக்கு இரண்டரை

தி.நகரில் ஓர் ஐந்து மாடி ஜவுளிக்கடையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தோம். அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் பெயர் போடவில்லை. என்னிடம் மனம்விட்டுப் பேசிய பெண்களுக்கு நாளைக்கும் அங்கே வேலை இருக்க வேண்டும், அது ஒரு காரணம். இன்னொன்று, நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் எந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தாலும் கண்ணில் படும். அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டு தரம், விலையில் ஏமாற்று இல்லை, வேட்டி சட்டை சுமார், பிளவுஸ் மட்டும் அங்கே தைக்கக் கொடுக்க வேண்டாம். மீதி எல்லாம் அந்தக் கடையில் யார் என்ன வேலை செய்கிறார்கள், அதில் யார் கையில் எவ்வளவு சேருகிறது என்பது பற்றி. புடவை விமர்சனத்தில் இது எதற்கு என்று நினைப்பவர்கள் அடுத்த பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தம் இல்லை.

மூன்றாம் மாடி முழுக்கப் பட்டு. எங்களுக்குக் காட்டியவர் ஐம்பதைத் தாண்டியவர், திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. கெட்டிக்காரர். பட்ஜெட் எவ்வளவு என்று பெரியவர்கள் முன்னால் சத்தமாகக் கேட்கவில்லை, விலைச்சீட்டு தெரிகிற மாதிரி நாலு விலையில் நாலு புடவையை விரித்துவிட்டு எங்கள் கண் எதில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டார். நிறத்தைக் கல்யாணப் பெண்ணிடம்தான் கேட்டார், அண்ணியிடமோ சம்பந்தியம்மாவிடமோ கேட்கவில்லை. சில்க் மார்க் (அசல் பட்டு என்பதற்கான முத்திரை) சீட்டு உள்ளதையும் இல்லாததையும் அவராகவே தனித்தனியாக வைத்தார். அண்ணி ஒரு அரக்குப் புடவையில் விழுந்து கிடந்தபோது, "இது அசல் ஜரிகை இல்லைங்க, ஹாஃப் ஃபைன், அதனாலதான் இந்த விலைக்கு வருது" என்று சொன்னார் பாருங்கள், அதற்குப் பிறகு அவர் எதைக் காட்டினாலும் நம்பினோம். உடலும் கரையும் சேருகிற இடத்தைப் பின்பக்கம் திருப்பிக் காட்டி, எது கோர்வை (உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோப்பது), எது கோர்வை மாதிரி என்று பாடமே நடத்தினார். நாலு ஸ்டார் இவருக்கும் அந்தப் புடவைக்கும்.

கோர்வை ஏன் விலை அதிகம் என்று சொல்லும்போது ஒன்று சொன்னார். உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலை ஓட்டுகிற ஓடம்), கரைகளுக்குத் தனி நாடா, அதனால் தறியில் ஓர் ஆள் போதாது, பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். இரண்டு பேர் உழைப்பு, அதற்குத்தான் இந்த விலை என்றார். சரி, அந்த இன்னோர் ஆள் யார்? காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் அது நெசவாளரின் மனைவி, இல்லையென்றால் மகள். நாடாவுக்குள் வைக்கிற நூலை, அதாவது தாரை, சுற்றுவதும் அவர்களே. கூலி மட்டும் புடவைக்கு இவ்வளவு என்று பெரும்பாலும் ஒரே பெயருக்கு வரும், அந்தப் பெயர் வீட்டு ஆணுடையது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சம் பேருக்கு மேல் என்றும், நெசவாளர்களில் நூற்றுக்கு 70-க்கு மேல் பெண்கள் என்றும் வந்தது. அசாம் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் தறியில் உட்காருவதால் அந்த எண் அவ்வளவு உயரம். நம் பட்டுத் தறியில் பெண் பெரும்பாலும் "கூட மாட ஒத்தாசை" தான். கோ-ஆப்டெக்ஸில் சில ஆண்டுகளுக்கு முன் நெய்தவர் பெயரும் படமும் போட்ட அட்டையைப் புடவையோடு வைக்கத் தொடங்கினார்கள், நல்ல பழக்கம், மற்ற கடைகளும் செய்யலாம். செய்யும்போது இரண்டாவது ஆளுக்கும் அதில் ஒரு வரி இடம் விடலாம்.

நம் கடைக்கு வருவோம். எங்களுக்குப் பட்டு காட்டிய அந்தத் திருநெல்வேலி அண்ணாச்சி விரிக்கிறார், பேசுகிறார், பில் எழுதுகிறார். அவர் பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு வயதில் ஒரு பெண். அலமாரியிலிருந்து புடவைகளை இறக்குவது அந்தப் பெண், விரித்ததை மறுபடி மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்குவது அந்தப் பெண், அண்ணன் மகளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, போட்டிருந்த சுடிதார் மேலேயே இரண்டு நிமிடத்தில் கொசுவம் வைத்து, முந்தியை எடுத்து விட்டுக் காட்டியதும் அந்தப் பெண்தான். நாங்கள் முடிவெடுத்தது அந்தக் கண்ணாடி முன்னால். அதுவரை மாம்பழ மஞ்சளா, மயில் கழுத்தா என்று மூன்று தரப்பாகச் சண்டை. "அக்கா, இந்தக் கரை உங்க உயரத்துக்கு எடுப்பா இருக்கு, அது கொஞ்சம் முழுங்குது" என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னதும் சண்டை முடிந்தது. அப்புறம் பில். அதில் விற்றவர் நம்பர் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அண்ணாச்சி நம்பர். ஊக்கத்தொகை அந்த நம்பருக்குத்தான் போகும் என்று பிறகு தெரிந்தது.

மாடியைச் சுற்றிப் பார்த்தால் ஒவ்வொரு கவுண்டரிலும் இதே ஜோடி. பேசுவது ஆண், மடிப்பது பெண். பட்டில் நம்பர் வைத்திருக்கிற ஒரு பெண் கூட இல்லை.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். என் வீட்டுக்காரர்கள் முறைத்தார்கள், பரவாயில்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "சம்பளம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் மேடம், எங்க முதலாளி ஆம்பள பொம்பளன்னு வித்தியாசம் பாக்கவே மாட்டாரு." பொய் சொல்லவில்லை. சேருகிற மாதம் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான் என்று அந்தப் பெண்ணும் சொன்னார். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், பையன் இரண்டு மூன்று வருடம் கீழ் மாடிகளில் சட்டைத்துணி, பேன்ட் என்று சுற்றிவிட்டுப் பட்டுக்கு ஏறுகிறான், நம்பர் வாங்குகிறான். பெண் அதே இரண்டு மூன்று வருடத்தில் தரைத்தளத்திலிருந்து பட்டுக்கு மடிக்கிற ஆளாக ஏறுகிறார், அதோடு ஏணி முடிந்தது. நம் நாட்டில் சம ஊதியம் என்பது 1976-இலேயே சட்டமாகிவிட்டது. ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆண் பெண் என்று கூலியில் வேறுபாடு காட்டக் கூடாது. இந்தக் கடை அதை மீறுகிறதா? ஒரே வேலையை இரண்டு பேருக்கும் கொடுத்தால்தானே மீற முடியும். விற்பனையாளர், உதவியாளர் என்று வேலையை இரண்டாக வெட்டி இரண்டு பெயர் வைத்துவிட்டால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர், அயர்ன் மாஸ்டர் என்றாலே ஆண் என்றும், பிசிறு வெட்டுவது, செக்கிங், கைமடி (தைப்பவருக்குக் கூட நின்று உதவுவது) என்றால் பெண் என்றும் பழகிப்போனதும் இதே வழிதான். அங்கே எந்த போர்டிலும் "பெண்களுக்குக் குறைவு" என்று எழுதியிருக்காது.

பட்டில் ஏன் பெண்கள் விற்பதில்லை என்பதற்கு சூப்பர்வைசர் இரண்டு காரணம் சொன்னார். முதலாவது, கல்யாணப் பட்டு எடுக்க வருவது குடும்பமாக, பெரிய தொகை, "ஆம்பளைங்க சொன்னா ஒரு நம்பிக்கை வரும்." எங்கள் குழுவில் ஏழு பெண்கள், அண்ணன் ஒருவர், அவரும் கீழே பார்க்கிங்கில். இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியம், அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நாலாம் மாடி ஆண்கள் பிரிவு. பட்டு வேட்டி, சட்டை, ஷெர்வானி. விற்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் இருந்தால் வாங்க வருகிற ஆண்கள் கூச்சப்படுவார்களாம். ஒரு மாடி கீழே பெண்களுக்குப் புடவை காட்டுவது ஆண், ஐந்தாம் மாடியில் பிளவுஸுக்கு அளவு எடுப்பது ஆண், அங்கே யார் கூச்சத்தைப் பற்றியும் யாருக்கும் கவலை இல்லை. கூச்சம் என்பது எந்த மாடியில் சம்பளம் நன்றாக இருக்கிறதோ அந்த மாடியில் ஆண்களுக்கு உதவியாகவே வேலை செய்கிறது. வேட்டி சட்டை பற்றிச் சொல்ல அதிகமில்லை. கரை ரகங்கள் குறைவு, சட்டையில் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள்.

தரைத்தளம்தான் பெண்களின் ராஜ்யம். இன்ஸ்கர்ட், நைட்டி, பிளவுஸ் பிட், சுடிதார் மெட்டீரியல், கைக்குழந்தை உடுப்பு. கூட்டம் அங்கேதான் நெரிகிறது, கேள்விகள் அங்கேதான் அதிகம் (மயில் கழுத்துக்கு மேட்சிங் பிட் தேட எத்தனை பச்சை, எத்தனை நீலம் என்று தேடியவர்களுக்குத் தெரியும்), ஒவ்வொரு விற்பனையும் நூறு, இருநூறு ரூபாய். அங்கே தனி நம்பர் கிடையாது, செக்‌ஷனுக்கு மொத்தமாக ஒரு டார்கெட், எட்டினால் ஏதோ கொஞ்சம் பிரித்துக் கொடுப்பார்கள். மேட்சிங் தேடிக் கொடுத்த அக்கா பத்து வருட அனுபவசாலி, துணியைக் கையில் தொட்டே சாயம் போகுமா என்று சொல்கிறார். மேலே இருப்பவர்களுக்குச் சமமான திறமை. மேலே போக வழி இல்லை, அவ்வளவுதான்.

அந்த அக்கா காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது, வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை வைத்தாக வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று. கேரளம் 2018-இலேயே இதைச் செய்தது. அங்கே கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் நின்ற பெண்கள், கழிப்பறை வேண்டும் என்று தொடங்கி உட்கார வேண்டும் என்பது வரை சண்டை போட்டார்கள், விஜி என்ற தையல்காரப் பெண் கட்டிய 'பெண்கூட்டு' அமைப்புதான் அதை நடத்தியது. நம் கடையில் சட்டப்படி ஸ்டூல் இருக்கிறது. தரைத்தளத்தில் நான் பார்த்த ஸ்டூல்கள் மேல் நைட்டிப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. "உக்காந்தா கேமராவுல பாத்துட்டுக் கூப்பிடுவாங்க" என்றார் அக்கா. கல்லாவில் இருப்பவர்களுக்கு நாற்காலி உண்டு, பட்டு மாடியில் வாங்க வருபவர்களுக்குக் குஷன் போட்டது உண்டு. நான் உட்கார்ந்த குஷன் அருமை, முதுகுக்கு நல்ல சாய்மானம்.

இப்போது அந்த இரண்டாவது காரணம். கல்யாணப் பார்ட்டிகள் சாயந்திரம்தான் வருவார்கள், ஏழு மணிக்கு மேல்தான் பட்டில் வியாபாரம் சூடு பிடிக்கும், "லேடீஸை எட்டு மணிக்கு மேல வெக்கக் கூடாது மேடம், ரூல்ஸ்" என்றார் சூப்பர்வைசர். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டபோது, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது, அவர்கள் எழுத்து மூலம் சம்மதித்தால் போதிய பாதுகாப்போடு வைத்துக்கொள்ளலாம் என்று சேர்த்தார்கள். பாதுகாக்கப் போட்ட விதி. ஆனால் நான் இன்ஸ்கர்ட் வாங்கியது இரவு ஒன்பதே கால் மணிக்கு, கொடுத்தது ஒரு பெண். தரைத்தளத்தில் எட்டு மணி அடிப்பதில்லை, பட்டு மாடியில் மட்டும் டாணென்று அடிக்கிறது. இதைக் கேட்டபோதுதான் சூப்பர்வைசருக்கு வேறு யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

கீழே நின்ற பெண்களில் பாதிப் பேர் தென் மாவட்டத்துக்காரர்கள், கடை ஏற்பாடு செய்த ஹாஸ்டலில் இருக்கிறார்கள். சாப்பாடு, தங்குவது இலவசம், வீட்டுக்குப் பணம் அனுப்ப முடிகிறது, ஊரில் இருந்தால் இதுவும் இல்லை என்று அவர்களே சொன்னார்கள், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பையன்கள் ஹாஸ்டலிலிருந்து இரவு டீ குடிக்க வெளியே போகலாம், பெண்கள் ஹாஸ்டல் பூட்டப்படும். கடைக்குள் ஆண் பெண் வேலையாட்கள் வேலை விஷயம் தவிர வேறு பேசினால் அபராதம். பட்டு விற்கிற கலையை அண்ணாச்சியிடம் பையன்கள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்றால் அந்த இரவு டீக்கடையில்தான்: எந்த ஊர்க்காரர்கள் எந்த நிறம் கேட்பார்கள், எப்போது விலையைச் சொல்ல வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம். இதை என்னிடம் சொன்னது அண்ணாச்சியே, பெருமையாகச் சொன்னார். பெண்களுக்கு அந்தப் பாடம் நடக்கிற இடத்துக்கே அனுமதி இல்லை என்பது அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

மேட்சிங் பிட் அக்கா கல்யாணமானவர், குன்றத்தூரிலிருந்து வருகிறார். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் மாதம் ஒரு கணிசமான தொகை மிச்சம் என்றார், ஆனால் இரவு அந்த பஸ்ஸைப் பிடிக்கிற கவலை தினமும் உண்டு. வீட்டுக்குப் போனால் சமையல், பாத்திரம், காலையில் மறுபடி. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையைத் தொட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81. "கல்யாணம் ஆனா லேடீஸ் நிக்க மாட்டாங்க, அவங்களை டிரெயின் பண்ணி என்ன பிரயோஜனம்" என்ற சூப்பர்வைசரின் வாக்கியத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. நிற்க முடிந்தவர்களுக்கும் கடை என்ன செய்திருக்கிறது? 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது விடுப்பை 26 வாரமாக்கினார்கள், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். இந்தக் கடையில் இரண்டாம் மாடியில் குழந்தைகளுக்கு அழகான ஓர் இடம் உண்மையிலேயே இருக்கிறது, பந்துக்குளம், சறுக்கு மரம், பார்த்துக்கொள்ள ஒரு பெண். அது வாங்க வருபவர்களின் குழந்தைகளுக்கு. பார்த்துக்கொள்ளும் பெண்ணின் மூன்று வயது மகன் ஊரில் பாட்டியிடம் வளர்கிறான்.

ஐந்தாம் மாடி தையல். கல்யாண சீசன், நாலு மாஸ்டர்கள், நாலு பேரும் ஆண்கள், வெட்டுகிறார்கள், அளவு எடுக்கிறார்கள். ஆரி வேலை தனி விலை, கேட்டால் தலை சுற்றும். சாதா பிளவுஸே வெளியில் விட இரண்டு மடங்கு. ஹெம்மிங், ஹூக், முந்தி குஞ்சம் எல்லாம் வெளியே பெண்கள் வீட்டுக்குப் போய், பீஸுக்கு இவ்வளவு என்று முடிந்து வருகிறது. நம் பில்லில் ஹெம்மிங் என்று தனி வரி கூட இல்லை, பிளவுஸுக்குள் அடங்கிவிடுகிறது. அண்ணி ஒன்று கொடுத்துப் பார்த்தார். கை இடுக்கில் பிடித்தது, கழுத்து ஒரு பக்கம் ஏறியது, திருத்தக் கேட்டால் நாலு நாள் என்றார்கள். ஒரு ஸ்டார், அதுவும் ஹெம்மிங் நேர்த்தியாக இருந்ததால்.

பில் போடுமிடத்தில் ஒன்று செய்து பார்த்தேன். சம்பந்தி வீட்டுக்கு எடுத்த இரண்டாவது பட்டை முழுக்க முழுக்க அந்தச் சின்னப் பெண்தான் காட்டினார், அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். அதனால் விற்றவர் நம்பர் கட்டத்தில் அந்தப் பெண்ணின் நம்பரைப் போடுங்கள் என்றேன். கல்லாவில் இருந்தவரும் பெண். முதலில் சிரித்தார், அப்புறம் நான் விடமாட்டேன் என்று தெரிந்ததும் அடித்துப் பார்த்தார். "ஏற மாட்டேங்குது மேடம். இந்த ஃப்ளோருக்கு அவங்க நம்பர் சிஸ்டத்துலயே இல்ல." யாரும் தடுக்கவில்லை, யாரும் தப்பாகப் பேசவில்லை, கம்ப்யூட்டரில் அப்படி ஒரு கட்டமே திறக்கவில்லை. புகார்ப் புத்தகத்தில் இதை எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் கடையிலிருந்து போன் வந்தது, பட்டுப் புடவையில் ஏதாவது குறையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் புகாரை முடித்துவிடலாமா என்றார்கள்.

போகிறவர்களுக்கு: வார நாளில் காலையில் போங்கள், பார்க்கிங் கிடைக்கும், அண்ணாச்சிகளுக்கும் பொறுமை இருக்கும். பில் இருந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக் கொடுக்கிறார்கள், இதில் தகராறு செய்யவில்லை. பிளவுஸ் பிட்டைப் புடவையிலிருந்து அங்கேயே வெட்டி வாங்கிக்கொண்டு வெளியே தைக்கக் கொடுங்கள். நாங்கள் மீதி ஆறையும் மேற்கு மாம்பலத்தில் வீட்டில் வைத்துத் தைக்கும் ஒருவரிடம் கொடுத்தோம், வெட்டுவதிலிருந்து ஹூக் வரை அவரே. கச்சிதமாக இருந்தது. கடை மாஸ்டர் கேட்ட பணத்தில் பாதிதான் கேட்டார், அதற்கும் என் அத்தை "வீட்லதானே தைக்கிறே, கடை வாடகையா குடுக்கிறே" என்று பேரம் பேசினார். அவர் குறைக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஹெம்மிங்குக்குத் தனியாக வாங்கப் போகிறாராம், இப்போதே சொல்லிவிட்டார்.